ஒரு மூடி, 240 ரூபாய்: வெண்டருக்கும் பர்ச்சேஸுக்கும் நடுவே நிற்கும் எஞ்சினியர்

"கம்பெனியிலதானே வேலை? அப்புறம் ஏன் தினம் ஒரு கம்பெனிக்குப் போறே?" என்று அம்மா இன்னமும் கேட்கிறார். மெக்கானிக்கல் முடித்துவிட்டு வேலை தேடும் தம்பிகளும் கிட்டத்தட்ட இதையேதான் வேறு வார்த்தையில் கேட்கிறார்கள். சப்ளையர் குவாலிட்டி, வெண்டர் டெவலப்மென்ட், சப்ளையர் டெவலப்மென்ட் என்று விளம்பரங்களில் பல பெயர்களில் வருகிறதே, உள்ளே என்னதான் வேலை? ஒரே ஒரு பாகத்தை எடுத்துக்கொண்டு சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். வண்டியின் டேங்கில் யார் பெயர் போட்டிருக்கிறதோ அந்த நிறுவனம் அந்த வண்டியின் எல்லாப் பாகத்தையும் செய்வதில்லை. பெரும்பாலானவை வெளியிலிருந்துதான் வருகின்றன. ஓசூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூரில் வண்டி ஒன்றாகச் சேர்கிறது என்றால், அதற்குள் போகும் பாகங்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், கோவை கணபதி, குறிச்சி, அரசூர் பக்கமும் வார்க்கப்பட்டு, கடையப்பட்டு, துளையிடப்பட்டு லாரியில் வருகின்றன. டிசைன்காரர் ட்ராயிங் போடுவார். பர்ச்சேஸ்காரர் விலையும் தேதியும் பேசுவார். இன்ஸ்பெக்ஷன்காரர் வந்து இறங்கியதை அளப்பார். அடுத்தவர் ஷெட்டுக்குள் அந்தப் பாகம் எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். அவர்தான் நம்ம ஆள்.

சரி, பாகத்துக்கு வருவோம். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் வரும் அலுமினிய மூடி ஒன்று. ஏடிசி 12 என்ற கலவை. உருகிய உலோகத்தை டை என்ற எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தும் பிரஷர் டை காஸ்டிங்கில் வார்த்து, விஎம்சி என்ற கம்ப்யூட்டர் மெஷினில் துளை போட வேண்டும். நடுவில் 35 மில்லிமீட்டர் துளை, அதற்குள் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ஆயில் சீல் உட்காரும். சுற்றிலும் நான்கு போல்ட் துளைகள். மாதம் 5,000 வேண்டும். பாகத்தைச் செய்து தரும் வெண்டர் கொடுத்த கொட்டேஷன் மூடி ஒன்றுக்கு 240 ரூபாய். தொகைகள் எல்லாம் கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் கதை இப்படித்தான் நடக்கும்.

பர்ச்சேஸில் அனுபவசாலி ஒருவர் இருப்பார். 240 என்று பார்த்ததுமே "பத்து பெர்சென்ட் குறைங்க" என்பார். அதாவது 216. வெண்டர் தலையைச் சொறிவார், டீ வரும், 225க்கு முடியும். மீட்டிங் வெற்றி. ஆனால் அந்த 15 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வெண்டரின் லாபத்திலிருந்து வந்திருந்தால் ஆறு மாதம் தாங்குவார். இல்லையென்றால் உருக்கும் உலையில் புது இங்காட்டை, அதாவது புது உலோகக் கட்டியை, குறைத்து, வார்த்தபின் மிஞ்சும் பழைய ரன்னரை அதிகம் போடுவார், அல்லது இரவு ஷிப்டில் அளக்கும் ஆளை எடுத்துவிடுவார். அது நமக்கு ரிஜெக்ஷனாகவும், சில சமயம் ரோட்டில் எண்ணெய் ஒழுகும் வண்டியாகவும் திரும்பி வரும்.

எஞ்சினியர் வேறு வழியில் போவார். 240ஐ விட்டுவிட்டு, இந்த மூடிக்கு எவ்வளவு ஆக வேண்டும் என்று தானே கணக்குப் போடுவார். தொழிலில் இதை ஷுட் காஸ்ட் என்பார்கள். வார்ப்பின் எடை 400 கிராம். ஒரு ஷாட்டுக்கு, அதாவது ஒரு தடவை வார்க்க, உள்ளே போகும் உலோகம் 600 கிராம். மீதி 200 கிராம் ரன்னரும் ஓவர்ஃப்ளோவும், அது திரும்ப உலைக்குப் போகும். உருக்கும்போது நாலு சதம் கசடாகப் போகிறது என்றால் 24 கிராம் நஷ்டம். கிலோ 250 ரூபாய் என்று வைத்தால் உலோகத்துக்கு 106 ரூபாய். வார்க்கும் மெஷினுக்கு மணிக்கு 1,500 ரூபாய். 50 விநாடிக்கு ஒரு ஷாட் என்றால் மணிக்கு 72, நடைமுறையில் 85 சதம் ஓடினால் 61. ஒன்றுக்கு 25 ரூபாய். ட்ரிம்மிங், பிசிறு எடுப்பது எல்லாம் 6. விஎம்சிக்கு மணிக்கு 500 ரூபாய். நாலு நிமிடத்தில் ஒன்று முடியும் என்று வைத்தால், அதே 85 சதத்தில், 39 ரூபாய். கழுவி, லீக் டெஸ்ட் போட்டு, பேக் பண்ண 8. கூட்டினால் 184. ரிஜெக்ஷனுக்கு மூன்று சதம், உலோகம் போக மீதியுள்ள செய்கூலியின் மீது மேல்செலவும் லாபமுமாக 15 சதம், லாரி வாடகை 4 ரூபாய். மொத்தம் 205.

வெண்டர் 240, நாம் 205. நடுவில் 35 ரூபாய். புதிதாக வந்தவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். "பார்த்தீங்களா, 35 ரூபாய் கூட வச்சிருக்கார்" என்று பர்ச்சேஸுக்கு மெயில் போட்டுவிடுவார்கள். போடக் கூடாது. உங்கள் கணக்கு சரி, அவர் கணக்கு தப்பு என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு அவர் ஷாப்புக்குப் போக வேண்டும்.

போனால் தெரியும். விஎம்சியில் அவருக்கு நாலு நிமிடம் இல்லை, ஏழு நிமிடம் ஆகிறது. அந்த ஒரு வரியை மட்டும் ஏழாக மாற்றினால் நம்ம கணக்கும் 240க்கு வந்து நிற்கும். மனிதர் ஒரு பைசா கூட்டி வைக்கவில்லை.

அடுத்த கேள்வி, ஏன் ஏழு? மெஷின் பக்கத்திலேயே நின்று பார்த்தால் ஆபரேட்டரே சொல்லிவிடுவார். "அந்த நடுத் துளைதான் சார். முதல்ல ஒரு தடவை கடைஞ்சு, அப்புறம் ஃபைனல் போரிங். எடுத்து ஏர் கேஜ்ல பார்க்கணும். ஒவ்வொண்ணும் பார்க்கணும்." ஏர் கேஜ் என்பது துளையைக் காற்றால் அளக்கும் கருவி. ட்ராயிங்கில் அந்தத் துளைக்கு 35 எச்7 என்று இருக்கிறது. அதாவது துளை சரியாக 35.000 முதல் 35.025 வரைக்குள் இருக்க வேண்டும். விளையாட 25 மைக்ரான்தான் இடம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 25 பங்கு. இந்த இடத்துக்குத்தான் டாலரன்ஸ் என்று பெயர். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இருக்காது.

இதை அந்த மெஷின் செய்யுமா? அங்கேதான் சிபிகே என்கிற எண் வருகிறது. பயமுறுத்தும் பெயர், விஷயம் எளிது. ஒரே செட்டிங்கில் ஐம்பது மூடிகளைச் செய்து துளையை அளந்தால் எல்லாம் ஒரே அளவில் இருக்காது, கொஞ்சம் சிதறும். அந்தச் சிதறலின் திட்ட விலக்கம் 4 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆறால் பெருக்கினால் 24. மெஷினின் இயல்பான சிதறல் அவ்வளவு அகலம். கொடுத்திருக்கும் இடம் 25. 25ஐ 24ஆல் வகுத்தால் 1.04. குறுகிய சந்தில், இரண்டு பக்கமும் சுவரை உரசிக்கொண்டு லாரி போகிற மாதிரி. நடுவிலிருந்து சற்று விலகினாலும் இடித்துவிடும். இந்த விகிதத்துக்கு சிபி என்று பெயர். லாரி நடுவில் போகிறதா, ஒரு பக்கம் ஒதுங்குகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அது சிபிகே. வாடிக்கையாளர்கள் குறைந்தது 1.33 கேட்பது வழக்கம். 1.04ஐ வைத்துக்கொண்டு வெண்டர் என்ன செய்வார்? ஒவ்வொன்றையும் அளப்பார். அதற்கு ஆள், நேரம், காசு. அந்த 35 ரூபாயில் பெரும்பகுதி அதுதான்.

இப்போது ட்ராயிங்குக்குத் திரும்புங்கள். அந்தத் துளைக்குள் உட்காருவது ஆயில் சீல். சீல் தயாரிப்பாளர்களின் கேட்லாக்கைத் திறந்தால் ஹவுசிங் துளைக்கு இன்னும் தளர்வான எச்8 போதும் என்றுதான் இருக்கும். சீலின் வெளிப்பக்க ரப்பர் அமுங்கிப் பிடித்துக்கொள்ளும். பேரிங் மாதிரி அதற்கு அவ்வளவு இறுக்கமான துளை தேவையில்லை. அப்படியானால் எச்7 எங்கிருந்து வந்தது? பழைய மாடலில் அதே இடத்தில் பேரிங் இருந்திருக்கும். அந்த ட்ராயிங்கைத் திறந்து, பெயரை மாற்றி, பேரிங்கை எடுத்துவிட்டு, டாலரன்ஸை மட்டும் அப்படியே விட்டிருப்பார்கள். இதை எத்தனை ட்ராயிங்கில் பார்த்திருக்கிறேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

35 எச்8 என்றால் 39 மைக்ரான் இடம். 39ஐ 24ஆல் வகுத்தால் 1.63. அதே மெஷின், அதே ஆள், அதே டூல். சந்து மட்டும் அகலமாகிவிட்டது. இனி ஒவ்வொன்றையும் அளக்க வேண்டாம், மணிக்கு ஒரு சில அளந்தால் போதும். இரண்டாவது போரிங்கும் போய்விடும். சைக்கிள் டைம் ஏழிலிருந்து ஐந்துக்கு இறங்கும். நாலுக்கு இறங்காது, நாலு என்பது மேஜையில் உட்கார்ந்து நான் போட்ட ஆசைக்கணக்கு. மூடியை எடுத்து மாட்டி, சீவலை ஏர் கன்னால் ஊதித் தள்ளும் நேரத்தை விட்டிருந்தேன். ஐந்து நிமிடம் வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டால் விலை 217 ரூபாய். பர்ச்சேஸ்காரர் கேட்ட 216க்கும் இதற்கும் ஒரு ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் இந்த 217இல் வெண்டரின் லாபம் இருக்கிறது, புது இங்காட் இருக்கிறது, இரவு ஷிப்டில் அளக்கும் ஆளும் இருக்கிறார்.

பர்ச்சேஸ் மேஜையிலிருந்து கண்ணுக்கே தெரியாத இன்னொன்றும் இதில் உண்டு. மாதம் 25 நாள், நாளுக்கு 24 மணி நேரம் ஒரு விஎம்சி ஓடினால் 600 மணி. 85 சதம் போட்டால் 510. 5,000 மூடிகளை ஏழு நிமிடத்தால் பெருக்கினால் 583 மணி நேரம் வேண்டும். ஒரு மெஷின் போதாது. வெண்டர் பேங்கில் கடன் வாங்கி இரண்டாவது மெஷின் போட வேண்டும், அல்லது தெரியாமல் வெளியே எங்கோ ஜாப் ஒர்க் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் என்றால் 417 மணி. ஒரே மெஷினில் அடங்கி, ரிப்பேருக்கும் இடம் மிச்சம் இருக்கும். "5,000 பீஸ் கொடுக்க முடியுமா?" என்று போனில் கேட்டால் எந்த வெண்டரும் முடியாது என்று சொல்ல மாட்டார். ஆர்டரை யார் விடுவார்கள்? இந்தப் பெருக்கலை நாம்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

டாலரன்ஸை மாற்றுவது வெண்டர் கையிலும் இல்லை, நம் கையிலும் இல்லை. டிசைனிடம் போய், சீல் கேட்லாக்கைக் காட்டி, ஆதாரத்தோடு பேச வேண்டும். மாற்றத்துக்கான குறிப்பு கையெழுத்தாகி வர வாரங்கள் ஆகும், சில இடங்களில் மாதங்கள். பொறுமைதான் இதில் பாதி வேலை. இன்னொரு பாதி, டிசைன்காரரின் முகம் சுருங்காமல் பேசுவது.

அளவு பற்றிப் பேசும்போது என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்ட கதையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில், இதேபோன்ற ஒரு அலுமினியத் துளை சிறிதாக இருக்கிறது என்று ஒரு லாட்டையே ரிஜெக்ட் பண்ணினேன். சிஎம்எம் என்ற அளக்கும் மெஷினின் ரிப்போர்ட் கையில் இருந்தது, வேறென்ன வேண்டும்? மறுநாள் அந்த வெண்டர் ஷாப்பின் முதலாளியே ஏர் கேஜைத் தூக்கிக்கொண்டு காரில் வந்துவிட்டார். வெளியே ரிசீவிங் ஷெட்டில் வைத்து அளந்து காட்டினார். எல்லாம் ஓகே. "நீங்க ஏசி ரூம்ல அளக்கறீங்க, நாங்க வெயில்ல அளக்கறோமுங்க. அவ்வளவுதான் சார்" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. அளவெடுக்க உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குக் கிட்டத்தட்ட 23 மைக்ரான் விரியும். ஷாப்பில் 35 டிகிரி இருந்தால், 35 மில்லிமீட்டர் துளை 12 மைக்ரான் பெரிதாகிவிடும். எச்7இன் மொத்த இடமே 25. அதில் பாதியை வெயில் சாப்பிட்டுவிட்டது. அவர் கேஜை செட் பண்ணும் மாஸ்டர் ரிங், அதாவது அளவு தெரிந்த வளையம், எஃகு. அதுவும் விரியும், ஆனால் அலுமினியத்தில் பாதிதான். ஆகவே அவர் ஷாப்பில் துளை ஆறு மைக்ரான் பெரிதாகத் தெரியும், என் ரூமில் உண்மை அளவுக்குச் சுருங்கும். அதே வார்ப்பில் ஒரு மூடியை எடுத்து, சிஎம்எம்மில் அளந்து, அதையே மாஸ்டராக அவருக்குக் கொடுத்தோம். மாஸ்டரும் மூடியும் ஒன்றாக விரியும், ஒன்றாகச் சுருங்கும். பிரச்சினை அன்றோடு தீர்ந்தது. வெண்டரை எழுத்தில் குறை சொல்லும் முன் இரண்டு பேரும் எதை வைத்து, எங்கே அளக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு அப்படி வந்ததுதான்.

விலை முடிந்து, டை தயாரானதும் பிபிஏபி என்று ஒரு ஃபைல் வரும், பாகத்தைச் சரியாகச் செய்ய முடியும் என்று வெண்டர் காட்டும் ஆதாரம். பேச்சில் பீபேப். அமெரிக்க வாகனத் தொழிலின் ஏஐஏஜி அமைப்பு வகுத்த முறை இது. பதினெட்டு அம்சங்கள், ஐந்து நிலைகள். பொதுவாகக் கேட்பது மூன்றாம் நிலை. ட்ராயிங், ப்ராசஸ் ஃப்ளோ, எஃப்எம்இஏ (எங்கே என்ன தவறலாம் என்ற பட்டியல்), கன்ட்ரோல் பிளான் (எதை எப்போது அளப்பது என்ற திட்டம்), அளவு ரிப்போர்ட், மெட்டீரியல் சான்றிதழ் என்று ஒரு கட்டு. இதைப் பேப்பர் வேலை என்று நினைத்தால் பேப்பர் வேலைதான். ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு மெஷின் மெஷினாக நடந்து பாருங்கள். கன்ட்ரோல் பிளானில் "மணிக்கு ஐந்து அளக்க வேண்டும்" என்று இருந்தால், போன மணி அளந்த ஐந்தின் பதிவு எங்கே என்று கேளுங்கள். முழு நாளுக்கும் உரிய எண்கள் காலை பத்து மணிக்கே ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் நிரம்பியிருந்த தாளை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் ரன் அட் ரேட். ஒரு ஷிப்ட் முழுக்க, உண்மையான வேகத்தில், அவருடைய வழக்கமான ஆட்களை வைத்து ஓட்டச் சொல்லி பக்கத்திலேயே உட்கார வேண்டும். முதலாளியின் மச்சான் அன்று மட்டும் மெஷினில் நின்றால் அது ரன் அட் ரேட் இல்லை.

ஓடத் தொடங்கியபின் புகார் வரும்; வராத வெண்டர் கிடையாது. அதற்குப் பதில் சொல்லும் விதமாக எட்டுப் படி கொண்ட ஒரு ரிப்போர்ட் கேட்போம், 8டி என்பார்கள். ஃபோர்டு நிறுவனத்தில் 1980களில் உருவான முறை. எட்டில் நான்காவதுதான் உயிர்: மூல காரணம். பத்துக்கு ஏழு ரிப்போர்ட்டில் அங்கே "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்றும், நடவடிக்கையில் "ஆபரேட்டருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது" என்றும் இருக்கும். அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். போல்ட் துளை ஒன்று விட்டுப்போனது என்றால், துளை இல்லாத மூடி அடுத்த ஸ்டேஷனில் அதைப் பிடித்து வைக்கும் ஃபிக்சரில் எப்படி உட்கார்ந்தது என்று கேளுங்கள். அங்கே நான்கு பின் வைத்தால், துளை இல்லாத மூடி உட்காரவே உட்காராது. பயிற்சி பெற்ற ஆபரேட்டர் அடுத்த மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். பின் போகாது.

ஒரே வெண்டரிடம் வாங்கலாமா, இரண்டு பேரிடமா என்பதிலும் எஞ்சினியரின் குரல் கேட்க வேண்டும். 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியா நகரில் ஐசின் செய்கியின் தொழிற்சாலை தீப்பிடித்தது. டொயோட்டாவின் கார்களுக்கு வேண்டிய பிரேக் வால்வு ஒன்று, பி வால்வு, ஏறக்குறைய முழுக்க அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. உள்ளங்கையில் அடங்கும் பாகம். ஆனால் கையிருப்பு மிகக் குறைவு, ஜப்பானில் டொயோட்டாவின் பெரும்பாலான லைன்கள் நின்றுபோயின. அடுத்த சில நாட்களில் நடந்ததுதான் விசேஷம். மற்ற சப்ளையர்கள் ஐசினிடமிருந்து ட்ராயிங்கை வாங்கித் தங்கள் மெஷின்களில் அந்த வால்வைச் செய்யத் தொடங்கினார்கள். கார் பாகமே செய்து பழக்கமில்லாத பிரதர் தையல் மெஷின் நிறுவனமும் அதில் ஒன்று. ஏறக்குறைய ஒரு வாரத்தில் லைன்கள் திரும்ப ஓடத் தொடங்கின. எந்த ஷாப்பில் எந்த மெஷின் சும்மா இருக்கிறது, எந்த செட்டர் இந்த வேலையைச் செய்வார் என்று தெரிந்த ஆட்கள் இருந்ததால்தான் அது முடிந்தது. நம்ம மூடிக்கும் இரண்டாவது டை போட்டு வைக்கலாமா என்பது பணக்கணக்கு. ஆனால் இருக்கும் டை எத்தனை ஷாட் ஓடியிருக்கிறது, எப்போது விரிசல் விடத் தொடங்கும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பணம் நம் டிபார்ட்மென்ட் இல்லை என்று இருக்கவும் முடியாது. பில் பாஸ் ஆகாமல் நின்றால் வெண்டர் முதலில் உங்களிடம்தான் சொல்வார், ஏனென்றால் ஷாப்புக்கு வருவது நீங்கள்தான். 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் போய்விட வேண்டும். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதியால், தாமதித்தால் வாங்கிய கம்பெனி அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் கழித்துக்கொள்ள முடியும். அதற்குப் பிறகு அக்கவுன்ட்ஸில் ஒரு சுறுசுறுப்பு தெரிகிறது. மூன்று மாதமாகப் பணம் வராத வெண்டரிடம் போய் "கேஜ் ஏன் காலிபரேட் பண்ணல?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் அவர் முகத்தில் இருக்கும்.

முதல் தடவை வெண்டர் ஷாப்புக்குப் போகிறீர்கள் என்றால், ஆபீஸ் ரூமில் காட்டும் ஸ்லைடை சீக்கிரம் முடித்துக்கொண்டு ஷெட்டுக்குள் போங்கள். சிவப்புத் தொட்டியில் என்ன கிடக்கிறது என்று குனிந்து பாருங்கள். ரிஜெக்ஷன் தொட்டி ஒருவரின் ப்ராசஸைப் பற்றிச் சொல்வதை எந்த ஸ்லைடும் சொல்லாது. தொட்டி காலியாக இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் எங்கே கொடுக்கிறார் என்று கேட்டு, முடிந்தால் அங்கேயும் ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள்.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை: சேஃப்டி ஷூ, ஸ்டாப்வாட்ச், சொந்த வெர்னியர். அப்புறம் ட்ராயிங்கின் கடைசி ரிவிஷன். ஒருமுறை முக்கால் மணி நேரம் ஒரு சூப்பர்வைசரோடு வாக்குவாதம் செய்தேன், அவர் அளவு தப்பு, என் அளவு சரி என்று. கடைசியில் அவர் மெஷினில் ஒட்டியிருந்த பிரின்ட்டின் மூலையைக் காட்டினார். அதில் ரிவிஷன் சி. என் கையில் இருந்தது பி. "டீ சாப்பிடலாமுங்க சார்" என்றார்.